உங்களுக்குத் தெரியுமா? – ஒரு நாடு சட்டப்படி எப்போது சாகிறது?

கையெழுத்துப் போட ஆளில்லாத போர்

போர் பொதுவாகச் சமாதான ஒப்பந்தத்தில் முடியும். தோற்றவர் கொஞ்சம் நிலத்தையும் பணத்தையும் இழப்பார். அவருடைய நாடு நாடாகவே தொடரும். படை முழுவதும் சிதறி, அரசாங்கம் கலைந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக்கூட எதிர்ப்பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் போனால்? வென்றவர் அந்த மண்ணைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதாக அறிவித்தும்விட்டால்? அந்த நாடே இறந்துவிட்டது என்றது பழைய சர்வதேசச் சட்டம். அந்த நிலைக்கு அது வைத்த லத்தீன் பெயர் டெபெல்லாட்டியோ. நூற்றாண்டுகளாக வென்றவர்கள் இதையே தங்கள் உரிமைப் பத்திரமாகக் காட்டிவந்தார்கள். அந்தப் பத்திரம் செல்லாது என்று உலகம் மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்கியது எப்படி என்பதைத்தான் இந்தத் துணுக்குகளில் பார்க்கப்போகிறோம்.

வெற்றி மட்டும் போதாது

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர்வதேசச் சட்டத்துக்கு ஆதார நூல் எழுதிய லாசா ஒப்பன்ஹைம் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். எதிரியின் எதிர்ப்பு அடியோடு ஓய்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு வென்றவர் அந்த நாட்டைத் தன்னுடன் இணைப்பதாக முறைப்படி அறிவிக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் ராணுவ ஆக்கிரமிப்புதான். ஆக்கிரமித்தவருக்கு நிர்வாகம் உண்டு, உரிமை இல்லை. 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளில் 43ஆவது விதி இதை இன்னும் இறுக்கியது: ஆக்கிரமித்தவர், வேறு வழியே இல்லாத நிலை தவிர, அந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கும் சட்டங்களை மதித்தே நடக்க வேண்டும்.

உப்புத் தூவிய கதை

டெபெல்லாட்டியோ என்றதும் எல்லோரும் காட்டும் முதல் உதாரணம் கார்த்தேஜ். இன்றைய துனிசியாவின் கடற்கரையில் இருந்த இந்த நகர அரசை மூன்றாண்டு முற்றுகைக்குப் பின் கி.மு. 146இல் ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ எமிலியானஸ் பிடித்துக் கொளுத்தினார். உயிர் தப்பியவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். நிலம் ‘ஆப்பிரிக்கா’ என்ற பெயரில் ரோமின் மாகாணம் ஆனது. அங்கே இனி எதுவும் முளைக்கக் கூடாது என்று ரோமானியர்கள் உப்பைத் தூவி உழுதார்கள் என்று படித்திருப்போம். அது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கதை. பண்டைய ஆசிரியர்கள் ஒருவர்கூட அப்படி எழுதவில்லை. அதே ஆண்டில் கிரேக்கத்தின் கொரிந்து நகரும் அதே கதியை அடைந்தது.

கார்த்தேஜுடன் கடைசிப் போரை முடிக்க ரோம் ஒப்பந்தம் எதையும் எழுதவில்லை. எழுத மறுபக்கம் யாரும் இல்லை. 1985ஆம் ஆண்டில் ரோம் நகர மேயரும் கார்த்தேஜ் நகர மேயரும் சந்தித்து, அடையாளமாக ஒரு சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். இரண்டாயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் தாமதம்தான். ஆனாலும் விட்டுப்போன அந்தக் கையெழுத்தைப் போட்டே ஆக வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியதே, அதை நான் மதிக்கிறேன்.

போரில் ஜெயித்த ராஜா, நாட்டைத் தோற்ற ராஜா

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இந்தக் கோட்பாட்டுக்குச் சரியான உதாரணம் ஹனோவர். ஜெர்மானிய அரசுகளில் பெரிய ராஜ்யங்களுள் ஒன்று. 1714 முதல் 1837 வரை பிரிட்டனுக்கும் ஹனோவருக்கும் ஒரே அரசர். விக்டோரியா அரியணை ஏறியபோது, பெண் வாரிசுக்கு ஹனோவர் சட்டம் இடம் கொடுக்காததால் இரு முடிகளும் பிரிந்தன.

1866இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதிக்கொண்டபோது ஹனோவர் ஆஸ்திரியா பக்கம் சாய்ந்தது. அப்போதைய அரசர் ஐந்தாம் ஜார்ஜ் பார்வை இழந்தவர். ஜூன் 27ஆம் தேதி லாங்கன்சால்ட்சா என்ற இடத்தில் அவருடைய படை பிரஷ்யப் படையை விரட்டியடித்தது. களத்தில் வெற்றி ஹனோவருக்குத்தான். ஆனால் சுற்றிலும் பிரஷ்யப் படைகள் சேர்ந்துவிட, இரண்டே நாளில் சரணடைய வேண்டியதாயிற்று. அந்த இலையுதிர் காலத்துக்குள் பிரஷ்யா ஒரு சட்டத்தின் மூலம் ஹனோவரை விழுங்கியது. ஹெஸ்ஸே-காஸல், நசாவ் ஆகிய அரசுகளுக்கும் அதே முடிவு.

ஜார்ஜ் கடைசிவரை முடி துறக்கவில்லை. ஆஸ்திரியாவில் இருந்தபடியே உரிமை கோரிக்கொண்டிருந்தார். 1878இல் பாரிஸில் இறந்தார். விண்ட்சர் கோட்டைத் தேவாலயத்தில் அடக்கமானார். அவருடைய குடும்பச் சொத்தைப் பறிமுதல் செய்த பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க், அதன் வட்டியை ரகசியமாகப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துத் தனக்குச் சாதகமாக எழுதவைத்தார். ‘ஊர்வன நிதி’ என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரு நாட்டை அழித்து, அந்த நாட்டின் பணத்தாலேயே அந்த அழிவை நியாயப்படுத்தவும் முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சம்பவத்தை நான் படித்ததில்லை.

பட்டியல் கொடுக்க மறுத்த மேயர்

அதே 1866. பிராங்பர்ட் அப்போது ஒரு சுதந்திர நகர அரசு. பெரிய படை கிடையாது. பிரஷ்யாவை எதிர்த்து அது போரிடவும் இல்லை. ஆனாலும் ஜூலை மாதம் பிரஷ்யப் படை உள்ளே நுழைந்தது. முதலில் சுமார் 60 லட்சம் கில்டன் அபராதம், நகரம் கட்டியது. அடுத்து 2.5 கோடி கில்டன் கேட்டார்கள். கட்டாவிட்டால் வசதியுள்ள குடிமக்களின் பெயர்களையும் சொத்துகளையும் பட்டியலிட்டுத் தர வேண்டும் என்று நகரத்தின் மூத்த மேயர் கார்ல் பெல்னருக்கு உத்தரவு. தன் ஊர்க்காரர்களைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஜூலை 24ஆம் தேதி அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று அவருக்குப் பிறந்தநாள். நகரம் பிரஷ்யாவோடு சேர்க்கப்பட்டது. 2.5 கோடி அபராதம் கைவிடப்பட்டது.

முன்கூட்டியே எழுதிய மரணச் சான்றிதழ்

தென்னாப்பிரிக்காவில் போயர் குடியரசுகள் இரண்டு: ஆரஞ்சு சுதந்திர நாடு, டிரான்ஸ்வால். 1900ஆம் ஆண்டில் தலைநகர்கள் விழுந்ததும் பிரிட்டன் இரண்டையும் தன்னோடு இணைத்ததாக அறிவித்தது. டிரான்ஸ்வால் அதிபர் குரூகர் டச்சுப் போர்க்கப்பல் ஒன்றில் ஐரோப்பா போய்ச் சேர்ந்தார். ஆனால் போயர்கள் குதிரைமீது அலைந்து கொரில்லாப் போரைத் தொடர்ந்தார்கள். 1902 மே 31 வரை சண்டை ஓயவில்லை. எதிர்ப்பு அடியோடு ஓயாமல் இணைப்பு செல்லாது என்பது சட்டம். ஆக 1900இல் போட்ட அறிவிப்பு உயிரோடிருப்பவருக்கு எழுதிய மரணச் சான்றிதழ். கடைசியில் பிரிட்டன், தான் இல்லை என்று சொன்ன அந்த அரசுகளின் பிரதிநிதிகளோடுதான் வெரீனிகிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது.

செத்த நாட்டின் கடனை யார் கட்டுவது?

அந்தப் போர் தொடங்குவதற்குச் சற்று முன், டிரான்ஸ்வால் அதிகாரிகள் ஒரு சுரங்க நிறுவனத்தின் தங்கத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்நாட்டுச் சட்டப்படி அதைத் திருப்பித் தரவோ ஈடு கட்டவோ வேண்டும். நாடு பிரிட்டன் கைக்குப் போனதும் நிறுவனம் லண்டனில் வழக்குப் போட்டது: நாட்டை எடுத்துக்கொண்டீர்கள், அதன் கடனையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1905இல் வெஸ்ட் ராண்ட் வழக்கு என்று பெயர் பெற்ற அந்தத் தீர்ப்பு வந்தது. வென்ற அரசு தோற்ற அரசின் எந்தக் கடனை ஏற்பது, எதை விடுவது என்பதை அதுவேதான் முடிவு செய்யும். நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக நடத்தப்படும் வழக்கு இது. சொத்து முழுவதும் வென்றவருக்கு, கடன் விருப்பம்போல் என்ற இந்த நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

தஞ்சை அரண்மனைக்குப் போட்ட முத்திரை

அதே நியாயத்தின் கூர்மை நம் தஞ்சாவூர்மீது இதற்கு முன்பே விழுந்திருந்தது. 1855இல் மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். 1799 உடன்படிக்கையிலேயே நிர்வாகம் கிழக்கிந்தியக் கும்பெனியிடம் போய்விட்டது. மன்னரிடம் மிஞ்சியிருந்தது கோட்டையும் பட்டமும் சொந்தச் சொத்தும்தான். இப்போது ராஜ்யமே முடிந்தது என்று அறிவித்த கும்பெனி, அரண்மனைக்குள் ஆட்களோடு நுழைந்து நகை, நிலம், பொருள் எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்தது. மன்னரின் சொந்த உடைமைகளும் தப்பவில்லை.

மூத்த ராணி காமாட்சி பாய் அழுது அடங்கிவிடவில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார், ஜெயித்தார். கும்பெனி லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1859இல் அங்கே தீர்ப்பு புரண்டது. இது ஓர் அரசு இன்னோர் அரசின்மீது இறையதிகாரத்தால் எடுத்த நடவடிக்கை. நியாயமோ அநியாயமோ, உள்ளூர் நீதிமன்றம் அதை விசாரிக்க முடியாது என்றார்கள் பிரபுக்கள். இங்கே போரும் நடக்கவில்லை, சரணாகதியும் நடக்கவில்லை. ஆனாலும் வென்றவரின் கைக்கு நீதிமன்றம் எட்டாது என்ற அதே வாதம்தான் ராணியைத் தோற்கடித்தது. 1862இல் சென்னை அரசாங்கம் சொந்தச் சொத்தைக் குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்தது. அதுவும் சலுகையாகத்தான், உரிமையாக இல்லை.

அரசு போனது, வழமை நின்றது

நாடு செத்தால் அதன் சட்டமும் சாகுமா? சாகாது என்பது பிரிட்டிஷ் சட்டத்தின் பழைய விதி. பிரான்சிடமிருந்து பிடித்த கிரெனடா தீவு பற்றிய 1774ஆம் ஆண்டு வழக்கில் மான்ஸ்பீல்டு பிரபு இதைத் தெளிவாகச் சொன்னார்: வென்றவர் மாற்றும்வரை வெல்லப்பட்ட நாட்டின் சட்டம் அப்படியே தொடரும்.

இதற்கு யாழ்ப்பாணத்தைவிட நல்ல சாட்சி தேவையில்லை. 1619இல் போர்த்துக்கீசர் யாழ்ப்பாண அரசை முடித்தார்கள். கடைசி அரசன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். தலைநகர் நல்லூரில் அரசு இல்லாமல் போனது. ஆனால் சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று மக்கள் சொத்தைப் பிரித்த முறை நின்றது. ஒல்லாந்தர் காலத்தில், 1706–07 வாக்கில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி அதைத் தொகுத்து எழுதினார். உள்ளூர் முதலியார்கள் பன்னிருவர் படித்துச் சரிபார்த்தார்கள். 1806இல் பிரிட்டிஷார் அதைச் சட்டமாக ஏற்றார்கள். தேசவழமை எனப்படும் அந்தத் தொகுப்பு இன்றும் இலங்கை நீதிமன்றங்களில் செல்லும் சட்டம். மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற அதன் விதியைப் பெண்கள் எதிர்ப்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனாலும் மூன்று ஐரோப்பிய ஆட்சிகளைத் தாண்டி நான்கு நூற்றாண்டாக நிற்கும் வழமை அது.

கண்டியிலும் இதே கதைதான். 1815இல் பிடிபட்ட கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தார். கண்டியச் சட்டம் இன்னும் இருக்கிறது.

அடுத்த நாட்டில் அஞ்சல் நிலையம்

முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் பெரும்பகுதி ஜெர்மனி வசம். இசேர் ஆற்றுக்குப் பின்னால் ஒரு சிறு துண்டு மட்டும் மிச்சம். அரசர் ஆல்பர்ட் அந்தத் துண்டில் படையோடு தங்கினார். அரசாங்கம் பிரான்சின் செயின்ட் அட்ரஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போனது. அங்கே பெல்ஜிய அஞ்சல் நிலையம் நடந்தது, பெல்ஜியத் தபால்தலை செல்லுபடியானது. செர்பியாவுக்கு அந்தத் துண்டுகூட மிஞ்சவில்லை. 1915இல் முழு நாடும் போய், மிஞ்சிய படை அல்பேனிய மலைகளைக் கடந்து கிரேக்கத்தின் கோர்பு தீவில் ஒதுங்கியது. ஆனால் இரு நாடுகளின் தோழர்களும் இன்னும் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். தோழர் களத்தில் நிற்கும்வரை தோற்றவர் இறந்தவர் ஆகமாட்டார் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

இரண்டு முறை ‘இல்லை’ என்று சொல்லப்பட்ட நாடு

போலந்தை 18ஆம் நூற்றாண்டில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் மூன்று தவணையில் பங்கிட்டன. 1797இல் மூவரும் ஒரு ரகசிய விதி எழுதிக்கொண்டார்கள்: போலந்து ராஜ்யம் என்ற பெயரே இனி எந்தப் பட்டத்திலும் வரக் கூடாது. 1918இல் போலந்து சுதந்திர நாடாகத் திரும்ப வந்தது.

1939 செப்டம்பர் 17. ஜெர்மனி மேற்கிலிருந்து தாக்கிக்கொண்டிருக்கும்போது சோவியத் படை கிழக்கிலிருந்து நுழைந்தது. அன்று விடியும் முன்பே மாஸ்கோவில் போலந்துத் தூதர் கிஷிபோவ்ஸ்கியை அழைத்து ஒரு குறிப்பை நீட்டினார்கள். போலந்து அரசும் அதன் அரசாங்கமும் உண்மையில் இல்லாமல் போய்விட்டன என்பது அதன் சாரம். தூதர் அந்தத் தாளை வாங்க மறுத்துவிட்டார். அப்போது வார்சா இன்னும் விழவில்லை. படை இன்னும் போரிட்டுக்கொண்டிருந்தது. அரசாங்கம் நாட்டுக்குள்ளேயேதான் இருந்தது.

இரண்டே ஆண்டில் ஹிட்லர் சோவியத்தைத் தாக்கியதும் நிலைமை தலைகீழானது. 1941 ஜூலை 30ஆம் தேதி லண்டனில் சோவியத் தூதர் மைஸ்கியும் போலந்துப் பிரதமர் சிகோர்ஸ்கியும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். போலந்து நிலம் பற்றிய 1939 சோவியத்–ஜெர்மன் ஒப்பந்தங்கள் செல்லாது என்று அதில் மாஸ்கோவே ஒப்புக்கொண்டது. இறந்துவிட்டதாகத் தான் அறிவித்த நாட்டோடு ஒப்பந்தம்!

போருக்குப் பின் பிரிட்டனும் அமெரிக்காவும் வார்சாவில் அமைந்த வேறோர் அரசாங்கத்தை ஏற்று, லண்டனில் இயங்கிய நாடுகடந்த போலந்து அரசாங்கத்தைக் கைவிட்டன. அந்தச் சிறு கூட்டம் கலையவில்லை. அதிபருக்குப் பின் அதிபர் என்று நாற்பத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 1990 டிசம்பர் 22ஆம் தேதி நாடுகடந்த அரசின் கடைசி அதிபர் கச்சொரோவ்ஸ்கி வார்சா அரண்மனையில், மக்கள் தேர்ந்தெடுத்த லெக் வலேசாவிடம் அதிபர் சின்னங்களை ஒப்படைத்தார்.

ஒரு கடிதத்தால் தோற்ற பேரரசர்

1936 மே 5ஆம் தேதி இத்தாலியப் படை அடிஸ் அபாபாவுக்குள் நுழைந்தது. நான்கே நாளில் முசோலினி எத்தியோப்பியாவை இத்தாலியப் பேரரசோடு சேர்த்தார். பேரரசர் ஹைலே செலாசி ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நின்று முறையிட்டார். உதவி வரவில்லை.

லண்டனில் ஒரு தந்தி நிறுவனம் எத்தியோப்பியாவுக்குத் தர வேண்டிய பாக்கி இருந்தது. பணத்தைக் கேட்டு செலாசி வழக்குப் போட்டார். 1938 கோடையில் கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு நடக்கும்போதே, நவம்பரில், பிரிட்டன் அரசாங்கம் முசோலினியைச் சமாதானப்படுத்த இத்தாலிய அரசரை எத்தியோப்பியாவின் சட்டபூர்வமான ஆட்சியாளராக அங்கீகரித்தது. அந்தத் தகவல் நீதிபதிகளின் மேசைக்கு வந்ததும் வழக்கு முடிந்துபோனது. டிசம்பரில் பணம் இத்தாலிய அரசருக்கே உரியது என்றாகிவிட்டது. இடையில் எத்தியோப்பிய மண்ணில் எதுவும் மாறவில்லை. மாறியது லண்டன் அரசாங்கத்தின் மனம் மட்டும். ஒரு நாட்டின் உயிர் அந்நாட்டு மக்களின் கையில் இருக்கிறதா, அடுத்தவர் அங்கீகாரத்தில் இருக்கிறதா என்ற கேள்வியை இந்த வழக்கைப்போல் முகத்தில் அறைந்து கேட்டது வேறில்லை.

1941 மே 5ஆம் தேதி, சரியாக ஐந்து ஆண்டு கழித்து, செலாசி தன் தலைநகருக்குத் திரும்பினார்.

இரண்டு தலைநகர்களில் மெக்சிகோ

எத்தியோப்பியா விழுங்கப்பட்டதை மெக்சிகோ ஏற்கவே இல்லை. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும்கூட ஏற்கவில்லை. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது சர்வதேச சங்கத்தில் முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்ததும் மெக்சிகோதான். நன்றி மறவாமல் அடிஸ் அபாபாவில் ஒரு சதுக்கத்துக்கும், வியன்னாவில் டான்யூப் ஓரத்துச் சதுக்கம் ஒன்றுக்கும் மெக்சிகோ பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். மெக்சிகோ நகர மெட்ரோவில் எத்தியோப்பியா என்றொரு நிலையம் இருக்கிறது.

வாளால் வந்தது செல்லாது

1928இல் பாரிஸில் போரைக் கொள்கைக் கருவியாகப் பயன்படுத்துவதில்லை என்று நாடுகள் கையெழுத்திட்டன. முதலில் கையெழுத்திட்டவற்றில் இந்தியாவும் ஒன்று. 1932 ஜனவரியில், ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தபோது, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஸ்டிம்சன் ஒரு கொள்கை அறிவித்தார்: அந்த உடன்படிக்கையை மீறி உண்டான நிலையை அங்கீகரிக்கமாட்டோம். 1945இல் ஐ.நா. சாசனம். 1970இல் ஐ.நா. பொதுச் சபை, மிரட்டியோ படை கொண்டோ பெற்ற எந்த நிலத்தையும் சட்டபூர்வமானதாக ஏற்கக் கூடாது என்று பிரகடனம் செய்தது. டெபெல்லாட்டியோவின் வேரை அறுத்தவை இந்த நான்கு அடிகள்தான்.

ஐம்பது ஆண்டுகள் பூட்டாத தூதரகங்கள்

1940இல் சோவியத் ஒன்றியம் எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றையும் சேர்த்துக்கொண்டது. ஜூலை 23ஆம் தேதி அமெரிக்காவின் துணை வெளியுறவு அமைச்சர் சம்னர் வெல்ஸ் அதை ஏற்க மறுத்து அறிக்கை விட்டார். அன்றிலிருந்து 1991 வரை அமெரிக்காவில் அந்த மூன்று நாடுகளின் தூதரக அலுவலகங்களும் கொடியோடு இயங்கின. அங்கே முடக்கிவைக்கப்பட்ட அந்நாடுகளின் பணத்திலிருந்தே செலவு நடந்தது. 1990–91இல் அந்நாடுகள் புதிய நாடு பிறந்ததாக அறிவிக்கவில்லை. பழைய நாடு மீண்டதாகவே அறிவித்தன.

ஜெர்மனி இறந்ததா?

டெபெல்லாட்டியோ பற்றிய பெரிய விவாதம் இதுதான். 1945 மே மாதம் ஜெர்மானியப் படைகள் நிபந்தனையின்றிச் சரணடைந்தன. மே 23ஆம் தேதி டோனிட்ஸ் தலைமையிலான கடைசி அரசாங்கத்தையே கைது செய்தார்கள். ஜூன் 5ஆம் தேதி அமெரிக்கா, பிரிட்டன், சோவியத், பிரான்ஸ் நான்கும் ஜெர்மனியின் உச்ச அதிகாரத்தைத் தாங்கள் ஏற்பதாக பெர்லினில் அறிவித்தன. முதல் நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆனால் அதே அறிவிப்பில் ஒரு வரி: இதனால் ஜெர்மனியை இணைத்துக்கொண்டதாக ஆகாது.

ஹான்ஸ் கெல்சன் வேறு மாதிரி வாதிட்டார். ஆஸ்திரியாவின் 1920 அரசியல் சட்டத்தை வரைந்த மேதை. யூதப் பிறப்பு காரணமாக நாஜிகள் வேலையைப் பறித்ததால் அமெரிக்கா போனவர். அரசாங்கமே இல்லாத ஜெர்மனி ஒரு நாடாக இல்லை என்று 1945இல் எழுதினார். அவருடைய வாதத்துக்கு ஒரு நடைமுறைப் பயன் இருந்தது. ஜெர்மனி உயிரோடிருந்தால் ஹேக் விதிப்படி ஆக்கிரமித்தவர்கள் அங்குள்ள சட்டங்களை மதிக்க வேண்டும். நாஜிச் சட்டங்களை மதிப்பதா?

1946இல் பிரிட்டனில் சிறைவைக்கப்பட்டிருந்த ஒரு ஜெர்மானியர் இதே வாதத்தோடு நீதிமன்றம் போனார். ஜெர்மனியே இல்லை, அப்படியானால் போரும் இல்லை, நான் எப்படி எதிரி நாட்டவன்? வெளியுறவு அமைச்சர் ஜெர்மனி இன்னும் இருக்கிறது, போர்நிலையும் தொடர்கிறது என்று சான்று கொடுத்தார். மனு தள்ளுபடி. சண்டை ஓய்ந்து ஓராண்டுக்குப் பின்னும் காகிதத்தில் போர் நடந்தது. பிரிட்டன் அதை 1951இல்தான் முடித்தது.

1973 ஜூலை 31ஆம் தேதி மேற்கு ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பே கொடுத்துவிட்டது: ஜெர்மானிய அரசு 1945இல் அழியவில்லை. உயிரோடிருப்பவர் கடனைக் கட்ட வேண்டும் அல்லவா? முதல் உலகப் போரின் இழப்பீட்டுக்காக 1920களிலும் 1930இலும் வாங்கிய கடன் பத்திரங்களின் கடைசித் தவணையை ஜெர்மனி 2010 அக்டோபர் 3ஆம் தேதி கட்டி முடித்தது. சட்டத் தொடர்ச்சியின் விலையை ஏற்றுக்கொண்ட அந்த நேர்மையை டிரான்ஸ்வால் தங்க வழக்கோடு வைத்துப் பாருங்கள்.

ஜெர்மனி சாகவில்லை, பிரஷ்யா செத்தது. ஹனோவரையும் பிராங்பர்ட்டையும் விழுங்கிய அதே பிரஷ்யாவை, 1947 பிப்ரவரி 25ஆம் தேதி நேச நாடுகள் 46ஆம் எண் சட்டம் ஒன்றால் கலைத்தன.

ஜப்பானுக்கு வேறு வழி

ஜப்பானில் பேரரசரும் அரசாங்கமும் அப்படியே இருந்தார்கள். ஆகவே நாடு இறந்ததா என்ற கேள்வியே எழவில்லை. சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் சேராத இந்தியா, 1952 ஜூன் 9ஆம் தேதி ஜப்பானோடு தனியாகச் சமாதான ஒப்பந்தம் செய்து, போர் இழப்பீட்டு உரிமையையும் விட்டுக்கொடுத்தது.

டில்லி உச்ச நீதிமன்றத்தில் கோவா

1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்து போர்த்துக்கீசிய ஆட்சியை முடித்தது. போர்த்துக்கீசியக் குடியுரிமையை விடாத பாதிரியார் ஒருவர், அனுமதியின்றித் தங்கிய வெளிநாட்டவர் என்று தண்டிக்கப்பட்டார். ‘இது ஆக்கிரமிக்கப்பட்ட மண், நான் ஜெனீவா உடன்படிக்கையின் பாதுகாப்பில் இருப்பவன், என்னை வெளியேற்ற முடியாது’ என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1969இல் தலைமை நீதிபதி இதயதுல்லா தலைமையிலான அமர்வு, ஆக்கிரமிப்பு எது, வென்று இணைத்தல் எது என்று விரிவாக ஆராய்ந்தது. உண்மையான இணைப்பு நடந்துவிட்டதால் ஆக்கிரமிப்பு முடிந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. இங்கே போர்த்துகல் என்ற நாடு சாகவில்லை. அது பிடித்துவைத்திருந்த காலனி கைமாறியது. அந்த வித்தியாசம் பெரிது. போர்த்துகல் 1974 டிசம்பரில் கோவாமீது இந்தியாவின் இறைமையை ஒப்பந்தத்தில் ஏற்றது.

பத்தொன்பதாவது மாகாணம்

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி இராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. சில மணி நேரத்தில் நாடு முழுவதும் கைக்குள். ஆகஸ்ட் 8ஆம் தேதி இராக்கோடு இணைத்ததாக சதாம் உசேன் அறிவித்தார். அந்த மாதமே குவைத் பத்தொன்பதாவது மாகாணம் ஆனது. படை தோற்றது, மண் போனது, இணைப்பும் அறிவித்தாயிற்று. ஒப்பன்ஹைம் காலமாக இருந்தால் குவைத்தின் கணக்கை முடித்திருப்பார்கள். இந்த முறை மறுநாளே, ஆகஸ்ட் 9ஆம் தேதி, ஐ.நா. பாதுகாப்புச் சபை 662ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது: இந்த இணைப்புக்குச் சட்ட மதிப்பே கிடையாது. ஏழு மாதத்துக்குள் குவைத் மீண்டது. 2003இல் அதே இராக்கை அமெரிக்காவும் பிரிட்டனும் முழுவதுமாகப் பிடித்தபோதும், பாதுகாப்புச் சபையின் 1483ஆம் தீர்மானம் அவர்களை ஆக்கிரமித்திருக்கும் சக்திகள் என்றே குறிப்பிட்டது. இறைமை இராக்கிடமே இருந்தது.

குவைத்தில் அப்போது வேலை பார்த்தவர்களில் நம் ஊர்க்காரர்களும் இலங்கையரும் ஏராளம். லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஜோர்டானின் அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவரப்பட்டார்கள். சேமிப்பு, சம்பளம், சாமான் எல்லாம் அங்கேயே போனது. 1991இல் ஐ.நா. ஓர் இழப்பீட்டு ஆணையம் அமைத்து, இராக்கின் எண்ணெய் வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கச் சொன்னது. தப்பி வந்த தொழிலாளர்களின் சிறு கோரிக்கைகளைத்தான் ஆணையம் முதலில் கவனித்தது. நிறுவனங்களும் அரசாங்கங்களும் பின்னால் நின்றன. இராக் மொத்தம் 5,240 கோடி டாலர் கட்டியது. கடைசித் தவணை 2022 ஜனவரியில் கட்டப்பட்டது.